மணிக்கட்டில் 30 விநாடி: முதியோரின் இதயத் தாளத்தை எங்கே, எப்படிப் பார்ப்பது?

சென்னையில் ஞாயிற்றுக்கிழமை காலை ஏதாவது ஒரு பூங்கா வாசலில் இலவச மருத்துவ முகாம் நடந்துகொண்டிருக்கும். ஒரு பிளாஸ்டிக் மேசை, நான்கு நாற்காலி, பி.பி. மெஷின், சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் டப்பா. நடைப்பயிற்சி முடித்து வரும் பெரியவர் உட்கார்ந்து கையை நீட்டுகிறார். பட்டை இறுகித் தளர்கிறது. திரையில் 138, அதன் கீழே 84. ஓரத்தில் அலைக்கோட்டோடு சின்னதாக ஓர் இதய வடிவம். எதிரே இருக்கும் பெண் 138/84 என்று சீட்டில் எழுதிக் கொடுக்கிறார். "பி.பி. பரவாயில்ல ஐயா, சுகர் பாத்துட்டுப் போங்க." அந்த இதய வடிவத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. சீட்டில் அதை எழுத ஒரு கட்டமும் இல்லை.

அளவெடுத்தபோது நாடி சீராக இல்லை என்பதைத்தான் பல தானியங்கி மெஷின்கள் அந்த அடையாளத்தால் சொல்கின்றன. இப்போது ஸ்மார்ட் வாட்ச்சும் இதையே சொல்கிறது. பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வாங்கி அனுப்பிய வாட்ச் ஒருநாள் எச்சரிக்கை காட்டியதும் வீடே பதறிப்போகிறது. 65 வயதைக் கடந்த எல்லோருக்கும் இதயத் தாளத்தைச் சோதிக்க வேண்டுமா? ஒரு பக்கம் ஐரோப்பிய இதய மருத்துவர்கள் சங்கம் வேண்டும் என்கிறது. இன்னொரு பக்கம் அமெரிக்காவின் நோய்த்தடுப்பு வல்லுநர் குழு, ஆமென்றோ இல்லையென்றோ சொல்ல ஆதாரம் போதவில்லை என்று 2022-இல் அறிவித்தது. இரண்டையும் படிப்பவருக்குக் குழப்பம் வருவது இயல்பு. அடிப்படையிலிருந்து பார்த்தால் இரண்டு தரப்பும் எதைப் பற்றிப் பேசுகின்றன என்பது புரிந்துவிடும்.

இதயத்துக்குத் தாளம் போடுவது யார்?

இதயத்தில் மேலே இரண்டு அறைகள், கீழே இரண்டு அறைகள். வலது மேலறையின் உச்சியில் சைனஸ் முடிச்சு என்ற சிறு திசு இருக்கிறது. நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை அது மின்தூண்டல் அனுப்பும். மேலறைகள் சுருங்கி ரத்தத்தைக் கீழே தள்ளும். கண்ணிமைக்கும் நேரம் கழித்துக் கீழறைகள் சுருங்கி அதை உடம்புக்கு அனுப்பும். மணிக்கட்டில் நாம் உணரும் நாடி, கீழறையின் அந்தத் தள்ளல்தான்.

வயது, நீண்டகால ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், உடல் பருமன், தைராய்டுக் கோளாறு, வால்வுப் பழுது போன்றவற்றால் மேலறையின் சுவர் விரிந்து தழும்பேறும்போது சைனஸ் முடிச்சின் பிடி தளர்ந்துபோகிறது. மேலறைகளில் நிமிடத்துக்கு 350 முதல் 600 வரை தாறுமாறான தூண்டல்கள் ஓடத் தொடங்குகின்றன. அவ்வளவு வேகத்துக்கு மேலறைத் தசையால் ஒழுங்காகச் சுருங்க முடியாது. மேலறைகள் வெறுமனே நடுங்குகின்றன. மேலுக்கும் கீழுக்கும் நடுவே வாசற்காவலாளி போல ஏ.வி. முடிச்சு இருக்கிறது. வந்து மோதும் தூண்டல்களில் சிலதை மட்டும் அது கீழே விடும். எதை எப்போது விடும் என்பதில் ஒழுங்கு கிடையாது. அதனால் நாடியிலும் ஒழுங்கு இருக்காது. இதற்குப் பெயர் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். மருத்துவர்கள் சுருக்கமாக ஏ.எஃப். என்பார்கள், இந்தக் கட்டுரையிலும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

ஏ.எஃப்.-ஐ வேறு இரண்டோடு போட்டுக் குழப்பிக்கொள்வது வழக்கமாக நடக்கிறது.

1. மாரடைப்பு. இதயத் தசைக்கே ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுவது. ஏ.எஃப். என்பது மின்னோட்டக் கோளாறு. ஒருவருக்கு இரண்டும் இருக்கலாம். ஆனால் ஒன்றைச் சோதித்து ‘நார்மல்’ என்றால் மற்றொன்றும் நார்மல் என்று ஆகாது. ‘ஆஞ்சியோ எடுத்தாச்சு, அடைப்பு இல்ல’ என்பது தாளத்தைப் பற்றி எதையும் சொல்லாது.

2. எக்டோபிக் துடிப்பு. ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வந்து, பிறகு ஒரு சின்ன இடைவெளி. வயதானவர்களிடம் இது ரொம்ப சகஜம், பெரும்பாலும் தீங்கில்லாதது. தாளம் போடுபவர் ஒரு தட்டை முந்திப் போட்டாலும் அடுத்த ஆவர்த்தத்தில் சமத்துக்கு, அதாவது தாளம் தொடங்கும் இடத்துக்கு, வந்துவிடுவது போல. ஏ.எஃப்.-இல் திரும்பி வந்து சேருவதற்குச் சமமே கிடையாது.

பயம் துடிப்பைப் பற்றியது இல்லை, கட்டியைப் பற்றியது

இடது மேலறையின் பக்கவாட்டில் விரல் நுனி போல ஒரு சிறு பை தொங்கிக்கொண்டிருக்கும். மேலறை ஒழுங்காகச் சுருங்கும்வரை அந்தப் பையிலிருக்கும் ரத்தமும் ஓடிக்கொண்டே இருக்கும். மேலறை நடுங்க ஆரம்பித்தால் அங்கே ரத்தம் குட்டை போலத் தேங்குகிறது. தேங்கிய ரத்தம் உறையும். வால்வுப் பழுது இல்லாதவர்களுக்கு ஏ.எஃப்.-இல் உண்டாகும் ரத்தக்கட்டிகளில் கிட்டத்தட்ட 90 சதவீதம் இந்தப் பையில்தான் பிறக்கின்றன. அங்கிருந்து ஒரு கட்டி நழுவினால் கீழறை வழியாக நேராக மூளைக்குப் போகும் பாதை திறந்தே இருக்கிறது. பக்கவாதம்.

ஏ.எஃப். இருந்தால் பக்கவாத அபாயம் சுமார் ஐந்து மடங்கு என்பதை அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் நகர மக்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1991-இல் காட்டியது. அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் உண்டு: 50-களில் இருப்பவர்களின் பக்கவாதங்களில் 1.5 சதவீதத்துக்கு ஏ.எஃப். காரணம், 80-களில் இருப்பவர்களிடம் அதுவே 23.5 சதவீதம். இப்படி வரும் பக்கவாதம் சாதாரணமாகப் பெரியதாக இருக்கும். கட்டி பெரியது, அடைபடும் குழாயும் பெரியது. பேச்சு போகும், ஒரு பக்கக் கையும் காலும் போகும். வீட்டில் ஒருவர் வேலையை விட்டுவிட்டு உடனிருக்க வேண்டிய நிலை வரும்.

சரி, படபடப்பு வந்தால் மருத்துவரிடம் போய்விட மாட்டார்களா என்று கேட்கலாம். பலருக்குப் படபடப்பே வருவதில்லை. கொஞ்சம் அசதி, மாடி ஏறினால் மூச்சு வாங்குவது. ‘வயசாயிடுச்சுல்ல’ என்று அதோடு முடிந்துவிடும். சிலருக்கு ஏ.எஃப். இருப்பது தெரியவருவதே பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் படுத்த பிறகுதான். இந்த இடைவெளிதான், அறிகுறி இல்லாதவர்களையும் தேடிப் போய்ச் சோதிக்கலாமே என்ற யோசனைக்கு அடிப்படை.

கண்டுபிடித்தால் கொடுக்க மருந்து இருக்கிறதா?

ஒரு நோயைத் தேடிப்போய்க் கண்டுபிடிப்பது எப்போது நியாயம் என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் 1968-இல் வெளியிட்ட பத்து நிபந்தனைகள் இன்றும் அளவுகோலாக இருக்கின்றன. அவற்றில் முக்கியமான ஒன்று: கண்டுபிடித்தவருக்குக் கொடுக்க, பலன் நிரூபிக்கப்பட்ட சிகிச்சை இருக்க வேண்டும். ஏ.எஃப். இந்த நிபந்தனையில் தெளிவாகத் தேறுகிறது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை, ஏ.எஃப். காரணமான பக்கவாதத்தை மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குக் குறைக்கிறது. தடுக்கக்கூடிய பக்கவாதங்களில் இவ்வளவு பெரிய பலன் கிடைப்பது அபூர்வம்.

ஆனால் எல்லோருக்கும் இந்த மாத்திரை தேவைப்படாது. யாருக்குத் தேவை என்று பார்க்க மருத்துவர்கள் ஒரு புள்ளிக் கணக்கு வைத்திருக்கிறார்கள், ‘சாட்ஸ்-வாஸ்க்’ என்பார்கள். இதயச் செயலிழப்பு 1, ரத்த அழுத்தம் 1, சர்க்கரை நோய் 1, ரத்தக்குழாய் நோய் 1, 65 முதல் 74 வயது 1, 75-ம் அதற்கு மேலும் 2, முன்பே பக்கவாதம் வந்திருந்தால் 2. பெண் என்பதற்கு ஒரு புள்ளி இருந்தது. 2024 ஐரோப்பிய வழிகாட்டுதல் அதை எடுத்துவிட்டது. மொத்தம் 2 வந்தால் மாத்திரை தொடங்க வேண்டும், 1 என்றால் யோசித்து முடிவெடுக்கலாம் என்கிறது அந்த வழிகாட்டுதல். பி.பி.யும் சர்க்கரையும் உள்ள 76 வயதுப் பாட்டிக்கு 4 புள்ளி. சென்னைத் தெருக்களில் 4 புள்ளிப் பாட்டிகளுக்கும் தாத்தாக்களுக்கும் பஞ்சமே இல்லை.

இங்கே மூன்று விஷயங்களைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன.

முதலாவது, ஆஸ்பிரின். ‘ரத்தம் உறையாம இருக்க ஏற்கெனவே மாத்திரை போடுறேனே’ என்று முதியவர் சொன்னால் அது பெரும்பாலும் ஆஸ்பிரினாக இருக்கும். ஆஸ்பிரின் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வதைத் தடுக்கும். மாரடைப்புக்கு அது உதவும். மேலறைப் பையில் தேங்கி உறையும் ரத்தத்துக்கு அது போதாது. 75 வயதுக்கு மேற்பட்ட ஏ.எஃப். நோயாளிகளிடம் பிரிட்டனில் நடந்த ‘பாஃப்டா’ ஆய்வு 2007-இல் வெளிவந்தது. ஆண்டுக்கு ஆஸ்பிரின் குழுவில் 3.8 சதவீதம் பேருக்குப் பக்கவாதமோ அதற்கு ஈடான பாதிப்போ வந்தது. வார்ஃபரின் குழுவில் 1.8 சதவீதம். ரத்தக்கசிவில் பெரிய வித்தியாசம் இல்லை. வயதானவர் என்பதால் ‘மென்மையான’ ஆஸ்பிரினே போதும் என்ற பழக்கம் அன்றோடு விடைபெற்றிருக்க வேண்டும். இன்னும் விடைபெறவில்லை.

இரண்டாவது, வார்ஃபரினும் கீரையும். வார்ஃபரினோ அதன் உறவான அசிட்ரோமோ சாப்பிடுபவர் ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையை அடிக்கடி எடுத்து, அளவு 2-க்கும் 3-க்கும் நடுவே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த மருந்து வைட்டமின் கே-யை எதிர்த்து வேலை செய்கிறது. முருங்கைக்கீரையிலும் பசலையிலும் அந்த வைட்டமின் நிறைய. கீரையை ஒதுக்க வேண்டியதில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் என்றால் எல்லா வாரமும் இரண்டு நாள் என்று ஒரே அளவாக இருந்தால் போதும். பிறகு வந்த புது வகை மாத்திரைகளுக்கு (டாபிகாட்ரான், ரிவராக்ஸபான், அபிக்ஸபான்) ஐ.என்.ஆர். பார்க்க வேண்டியதில்லை, கீரைக் கணக்கும் இல்லை. மூளைக்குள் ரத்தம் கசியும் ஆபத்து வார்ஃபரினில் இருப்பதில் பாதிதான். காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு இந்திய நிறுவனங்கள் பலவும் இவற்றைத் தயாரிப்பதால் விலையும் நன்றாக இறங்கியிருக்கிறது. ஆனால் சிறுநீரகம், வயது, எடை பார்த்து அளவைத் தீர்மானிக்க வேண்டும். உதாரணத்துக்கு, 80 வயதைத் தொட்ட, எடை 60 கிலோவைத் தாண்டாத ஒருவருக்கு அபிக்ஸபான் பாதி அளவுதான். நம் ஊர்ப் பாட்டிகளில் 60 கிலோ தாண்டாதவர்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவது, வால்வு. சிறுவயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் ருமேட்டிக் காய்ச்சல் இதய வால்வைச் சுருக்கிவிடும். மேலை நாடுகளில் அது அரிதாகிவிட்டது, நம்மிடம் ஆகவில்லை. 2011-12-இல் இந்திய மருத்துவமனைகள் 24-இல் ஏ.எஃப். நோயாளிகளைப் பதிவு செய்தபோது சராசரி வயது சுமார் 55 ஆக இருந்தது. ஏறக்குறைய பாதிப் பேருக்கு ருமேட்டிக் வால்வுப் பழுது. இப்படிப்பட்டவர்களுக்குப் புது மாத்திரையைவிடப் பழைய வகை மாத்திரைதான் நல்லது என்று 2022-இல் ‘இன்விக்டஸ்’ ஆய்வு காட்டியது. இதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. ஏ.எஃப். தெரிந்ததும் ஒரு எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்து வால்வைப் பார்க்காமல் மாத்திரை எழுதக் கூடாது. 65 என்ற வயது வரம்பை ஐரோப்பாவிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டால் 50-களில் இருக்கும் வால்வு நோயாளிகள் வலையில் சிக்க மாட்டார்கள்.

‘கீழே விழுந்துட்டா ரத்தம் நிக்காதே’ என்ற பயமும் மாத்திரையைத் தடுக்கும் பெரிய காரணம். பயம் நியாயமானதுதான். ஆனால் 1999-இல் வெளியான ஒரு கணக்கீட்டின்படி, வார்ஃபரினின் நன்மையை மூளை ரத்தக்கசிவின் ஆபத்து மிஞ்ச வேண்டுமென்றால் ஒருவர் ஆண்டுக்குச் சுமார் 295 தடவை விழ வேண்டும்.

சோதனை எப்படி? 1,000 பேரில் ஒரு கணக்கு

சமூக அளவில் இதயத் தாளம் பார்க்க இன்றைக்கு நான்கு வழிகள்: விரலால் நாடி பிடிப்பது, ஒழுங்கின்மையைக் காட்டும் பி.பி. மெஷின், ஒளியால் நாடியைப் படிக்கும் வாட்ச், கைபேசியோடு இணைந்து 30 விநாடியில் ஒற்றை லீட் இசிஜி (ஒரே கோணத்திலிருந்து மட்டும் பதிவது) எடுக்கும் சிறு கருவி. முதல் மூன்றும் சந்தேகத்தை எழுப்பும், அவ்வளவுதான். நோய் என்று உறுதிசெய்வது இசிஜி மட்டுமே. மேலறை சுருங்கும்போது எழும் பி அலை காணாமல் போயிருக்க வேண்டும், துடிப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளி எந்த ஒழுங்கிலும் இருக்கக் கூடாது. ஒற்றை லீட் கருவி என்றால் இது குறைந்தது 30 விநாடி தெரிய வேண்டும்.

ஏன் இவ்வளவு கறார்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1,000 முதியவர்கள் வருகிறார்கள், அவர்களில் 20 பேருக்கு ஏ.எஃப். என்று வைத்துக்கொள்வோம். விரலால் நாடி பார்ப்பது ஏ.எஃப். உள்ள 100 பேரில் 92 பேரைப் பிடிக்கும், இல்லாத 100 பேரில் 82 பேரைச் சரியாக ‘இல்லை’ என்று அனுப்பும் என்கிறது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2016-ஆம் ஆண்டுத் தொகுப்பு.

1. ஏ.எஃப். உள்ள 20 பேரில் சுமார் 18 பேர் பிடிபடுவார்கள். இரண்டு பேர் நழுவுவார்கள்.
2. ஏ.எஃப். இல்லாத 980 பேரில் சுமார் 176 பேருக்கும் ‘நாடி சீராக இல்லை’ என்று சீட்டு கிடைக்கும். பெரும்பாலும் எக்டோபிக்.
3. ஆக, சீட்டு வாங்கியவர்கள் 194 பேர். உண்மையில் நோய் உள்ளவர்கள் 18. பத்தில் ஒருவர்கூட இல்லை.

எனவே அந்தச் சீட்டு கையில் கிடைத்ததும் கலங்கிப்போக வேண்டியதில்லை. அதே சமயம் அந்த 18 பேரை விட்டுவிடவும் முடியாது. 194 பேருக்கும் அன்றைக்கே, அதே இடத்தில் ஓர் இசிஜி எடுக்க முடிந்தால் 176 பேர் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். ‘பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாருங்க’ என்று எழுதிக் கொடுத்தால் 176 பேருக்கு வீண் கலக்கம், அந்த 18 பேரில் பாதிப் பேர் போகவே மாட்டார்கள் என்ற கவலை. முகாம் நடத்துபவர்கள் முதலில் வாங்க வேண்டிய கருவி எது என்பதற்கு இந்தக் கணக்கே பதில்.

ஆய்வுகள் ஏன் ஒரே குரலில் பேசவில்லை?

பிரிட்டனில் 2007-இல் வெளியான ‘சேஃப்’ ஆய்வில், 65 வயதைக் கடந்தவர் எதற்காக மருத்துவரிடம் வந்தாலும் நாடி பார்த்து, சந்தேகம் வந்தால் இசிஜி எடுத்தார்கள். ஓராண்டில் 1.63 சதவீதம் பேருக்குப் புதிதாக ஏ.எஃப். தெரிந்தது, வழக்கமான கவனிப்பில் 1.04 சதவீதம். எல்லோரையும் கடிதம் போட்டு வரவழைத்து இசிஜி எடுத்தும் இதைவிட அதிகம் கிடைக்கவில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 2022-இல் ஒற்றை லீட் கருவியோடு செய்தபோது (‘வைட்டல்-ஏ.எஃப்.’) பெரிய வித்தியாசம் வரவில்லை. அங்கே வழக்கமான கவனிப்பிலேயே பெரும்பாலோர் பிடிபட்டுவிடுகிறார்கள். 85 வயதைத் தாண்டியவர்களிடம் மட்டும் வித்தியாசம் தெரிந்தது.

நோயைக் கண்டுபிடிப்பது ஒன்று, பக்கவாதத்தைத் தடுப்பது வேறொன்று. அதை நேரடியாகச் சோதித்த பெரிய ஆய்வுகள் இரண்டும் 2021-இல் வந்தன.

டென்மார்க்கின் ‘லூப்’ ஆய்வில் 70 முதல் 90 வயதான சுமார் 6,000 பேரில் ஒரு பகுதியினருக்குத் தோலுக்கடியில் கருவி வைத்து ஆண்டுக்கணக்கில் தாளத்தைக் கவனித்தார்கள். கருவி வைத்தவர்களில் 31.8 சதவீதம் பேருக்கு ஏ.எஃப். தெரிந்தது, மற்றவர்களில் 12.2. மூன்று மடங்குக்கு அருகே அதிகம் கண்டுபிடித்தும் பக்கவாதம் 5.6 சதவீதத்திலிருந்து 4.5 ஆகத்தான் குறைந்தது. அது தற்செயலாகவும் இருக்கலாம் என்ற எல்லைக்குள்தான் அந்த வித்தியாசம். இதற்கு ஒரு விளக்கம் உண்டு. எப்போதோ சில நிமிடம் வந்து போகும் ஏ.எஃப்.-க்கும் நாள்கணக்கில் நீடிக்கும் ஏ.எஃப்.-க்கும் ஆபத்து ஒன்றல்ல. வலையின் கண்ணை ரொம்பச் சின்னதாக்கினால் பொடி மீன்தான் சேரும்.

ஸ்வீடனின் ‘ஸ்ட்ரோக்ஸ்டாப்’ ஆய்வில் 75, 76 வயதினரை அழைத்து, இரண்டு வாரம் வீட்டிலேயே தினமும் கையடக்கக் கருவியால் இசிஜி எடுக்க வைத்தார்கள். ஏறக்குறைய ஏழு ஆண்டு கழித்துப் பார்த்தால், பக்கவாதம், ரத்தக்கசிவு, மரணம் எல்லாம் சேர்த்து, அழைக்கப்பட்ட குழுவில் 31.9 சதவீதம், அழைக்கப்படாத குழுவில் 33. சின்ன லாபம், ஆனால் லாபம். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு ஒரு எண்: அழைக்கப்பட்டவர்களில் வந்தவர்கள் 51 சதவீதம் மட்டுமே. வராமல் போனவர்கள், வந்தவர்களைவிட நோய் அதிகமுள்ளவர்கள்.

அந்த எண்ணைச் சென்னைக்குக் கொண்டுவந்து பாருங்கள். காலை ஆறு மணிக்கு நடேசன் பூங்காவிலோ பெசன்ட் நகர் கடற்கரையிலோ நடப்பவர், முகாமுக்கு வரக்கூடியவர், ஏற்கெனவே உடம்பைக் கவனித்துக்கொள்பவர். முட்டிவலியோடு கண்ணகி நகர் மாடி வீட்டில் இருக்கும் பாட்டி அந்த மேசைக்கு வரப்போவதில்லை. 4 புள்ளி அவருக்குத்தான் இருக்கும்.

சென்னையில் இதற்கு இடம் எது?

இதற்கென்று தனியாக ஒரு முகாம் திட்டம் வேண்டாம் என்பது என் கருத்து. வீட்டுக்கு வீடு போகும் ஏற்பாடு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு தேடிப் போய் பி.பி.யும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், மாத்திரையும் கொடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 2021 மதிப்பீட்டின்படி மக்கள்தொகையில் 13.6 சதவீதம், கேரளத்துக்கு அடுத்து நாம்தான். அந்தப் பாட்டியின் கையை ஒருவர் ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருக்கிறார். பட்டையைக் கட்டும் முன் மூன்று விரலை மணிக்கட்டில் வைத்து 30 விநாடி இருந்தால் போதும். குஜராத்தின் ஆனந்த் மாவட்டக் கிராமங்களில் சுகாதாரப் பணியாளர்கள் கைபேசிக் கருவியோடு வீடு தேடிப் போய் இதைச் செய்தும் காட்டியிருக்கிறார்கள்.

பி.பி. அளப்பதற்கே இது தேவை என்பது இன்னொரு காரணம். தானியங்கி மெஷின்கள் நாடி சீராக இருக்கும் என்று எண்ணிக் கணக்கிடுகின்றன. ஏ.எஃப்.-இல் துடிப்புக்குத் துடிப்பு அழுத்தம் மாறுவதால் ஒரே ஒரு அளவை நம்ப முடியாது. மூன்று முறை எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும், முடிந்தால் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கையால் அளக்க வேண்டும். தாளத்தைக் கவனிக்காமல் எழுதிய 138/84, சீட்டில் இருக்கும் மற்ற எண்களையும் சந்தேகத்துக்கு உள்ளாக்குகிறது.

நாடி பிடிப்பது சுலபமான பகுதி. அதற்குப் பிறகு வருபவை இல்லாவிட்டால் தொடங்காமலே இருக்கலாம்:

1. சீட்டில் ‘நாடி: சீர் / சீரற்றது’ என்று ஒரு வரி. எழுத இடம் இல்லாத எதுவும் கவனிக்கப்படாது.
2. சீரற்றது என்றால் அன்றோ மறுநாளோ அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் இசிஜி. வாசிக்கத் தெரிந்த மருத்துவர் அங்கே இல்லையென்றால் படத்தை அனுப்பி வாசிக்க வைக்கும் ஏற்பாடு.
3. உறுதியானால் எக்கோ, தைராய்டு, கிரியாட்டினின், ஹீமோகுளோபின். இதற்கு மேல் மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும்.
4. மாத்திரை, மாதாமாதம், தடையில்லாமல். புது வகை மாத்திரையின் பலன் ஒரு நாளுக்குள் உடம்பை விட்டுப் போய்விடும். நான்கு நாள் மாத்திரை தீர்ந்துபோனால் அந்த நான்கு நாளும் பாதுகாப்பு இல்லை. பி.பி. மாத்திரையைக் கொண்டுவந்து கொடுக்கும் அதே கை இதையும் கொண்டுவர வேண்டும்.
5. ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது சிறுநீரகச் சோதனை.

நான்காவதில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் மூன்றையும் செய்துவிட்டு நான்காவதை விட்டுவிடும் திட்டம், ஒருவருக்குப் பயத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் போகிறது.

சீட்டோ எச்சரிக்கையோ கைக்கு வந்தால்

ஐந்து நிமிடம் அமைதியாக உட்காருங்கள். கட்டை விரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டின் ஓரத்தில் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களை வையுங்கள்; கட்டை விரலால் பார்க்காதீர்கள், அதற்கே துடிப்பு உண்டு. 30 விநாடி எண்ணும்போது இன்னொரு கையால் தொடையில் தட்டிக்கொண்டே வாருங்கள். தட்டு ஒரே சீராக விழுகிறதா, எப்போதாவது ஒன்று தப்பிச் சேர்ந்துகொள்கிறதா, அடுத்தது எப்போது என்று ஊகிக்கவே முடியாமல் போகிறதா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். மூன்றாவது வகை என்றால் ஓரிரு நாளில் இசிஜி எடுங்கள். கோவிட் காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டர் வீட்டில் இருந்தால் விரலில் மாட்டிப் பாருங்கள். நாடி எண் ஒரு நிமிடத்துக்குள் 70, 104, 82 என்று தாவிக்கொண்டே இருந்தால் அதுவும் ஒரு தகவல்.

மயக்கம், நெஞ்சுவலி, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல் இருந்தால் காத்திருக்கக் கூடாது. வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமல் போவது, பேச்சு குழறுவது இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே 108. கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஏற்கெனவே உறைவுத் தடுப்பு மாத்திரை சாப்பிடுபவர் என்றால் ஆம்புலன்சில் ஏறும்போதே அதைச் சொல்லிவிடுங்கள். ஊசி போடலாமா என்பது அதைப் பொறுத்தது.

இசிஜி நார்மல் என்று வந்துவிட்டால்? ஏ.எஃப்.-இல் வந்து வந்து போகும் வகை உண்டு. காலையில் முகாமில் தெரிந்தது, மதியம் ஓ.பி. வரிசை நகர்ந்து உங்கள் முறை வருவதற்குள் அடங்கியிருக்கலாம். சந்தேகம் பலமாக இருந்தால் 24 மணி நேரம் நெஞ்சில் மாட்டிக்கொள்ளும் ஹோல்டர் சோதனையை மருத்துவர் எழுதுவார். அதனால்தான் முகாமில் எடுத்த இசிஜித் துண்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்வது. பல வருடம் கழித்தும் அது சாட்சி சொல்லும். ஒன்று மட்டும்: அது வெப்பத்தில் பதியும் தாள், நாளடைவில் வெளுத்து வெறும் கட்டம்தான் மிஞ்சும். வாங்கிய அன்றே வெளிச்சத்தில் வைத்து, தேதி தெரியும்படி, கைபேசியில் ஒரு படம் எடுத்துப் பிள்ளைகளுக்கும் அனுப்பிவிடுங்கள்.